சிவப்புப் பூவுக்கு வாசனை வந்தது

"இன்னொரு தடவை ஓட்டு" என்றார் கிளாடிஸ் டீச்சர்.

ஓட்டினேன், ஆத்திரத்தோடுதான். ஜீன் பரிசோதனை என்ன ரேடியோவா, பிடிக்காத பாட்டு வந்தால் திருப்பி வைக்க? பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரேயில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் அன்று நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். திரையில் மறுபடியும் அதே கோடுகள் வந்தன. குகையிலிருந்து கொண்டுவந்த ஒவ்வொரு இலையிலும், சிவப்புப் பெட்டூனியாவின் கோட்டுக்குப் பக்கத்தில் வெள்ளையின் கோடும் நின்றது.

"ஒண்ணு கூடவா சுத்தமா இல்ல, சுலெய்கா?"

"ஒண்ணு கூட இல்ல டீச்சர்."

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழக்கூடாது என்று கண்ணாடிக் குழாய்களைக் கழுவப் போனேன்.

பால்கனித் தொட்டிகளில் தொங்குகிற பெட்டூனியா மனிதன் கலந்து உண்டாக்கியது. காட்டில் இருப்பவை வேறு. வெள்ளைப் பெட்டூனியா வெயில் பாறையில் பூத்து, இரவில் வாசனை விட்டு அந்துப்பூச்சியைக் கூப்பிடும். சிவப்புப் பெட்டூனியா கசபாவா ஊரைச் சுற்றியுள்ள பாறைக் குகைகளில், மழை படாத சுவரில், நிழலில் கிடக்கும். அதற்கு வாசனையே கிடையாது. தேன் குடிக்கிற ரீங்காரச் சிட்டு நிறத்தைப் பார்த்து வந்துவிடும், வாசனை எதற்கு? மற்ற குகைகளில் இரண்டும் எப்போதோ கலந்துபோயின. கலக்காமல் மிச்சமிருந்தது டோர்வலினோவின் நிலத்திலிருந்த ஒரே குகைதான். டீச்சர் கல்யாணம் காட்சி என்று ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் அந்தக் குகையையே கட்டிக்கொண்டு வாழ்ந்தவர். ஓய்வு பெறும் வயது தாண்டியும் அதற்காகத்தான் ஆய்வுக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்தார்.

டோர்வலினோ வளர்த்த செம்மறி ஆடுகள் மழைக்கும் தெற்குக் காற்றுக்கும் அங்கேதான் ஒதுங்கும். பெட்டூனியாவை ஆடு தின்னாது, இலை பிசுபிசுக்கும். ஆனால் மிதிக்கும். சுவரடியில் முளைக்கிற கன்றுகளையெல்லாம் துவைத்துப் போட்டன. வேலி போட வேண்டும் என்று டீச்சர் கேட்கப் போனபோது நானும் கூட இருந்தேன்.

"வேலி போட்டா என் ஆடுங்க எங்க போகும், டாக்டரம்மா? உங்க வீட்டு ஹாலுக்கா?"

"ஆடு உலகம் பூரா இருக்கு டோர்வலினோ. இந்தப் பூ உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு."

அந்த மனுஷனுக்கு அந்த வார்த்தை பிடித்துவிட்டது. மீசையைத் தடவிக்கொண்டு, "அப்படின்னா பூவே ஜெயிச்சுட்டுப் போகட்டும்" என்றார். வேலிக்குக் குழி தோண்டியதும் அவர்தான்.

அந்த வருஷம் கம்பளி வெட்டிய கையோடு குளிர்மழை பிடித்துக்கொண்டது. டோர்வலினோ டவுனுக்குப் போயிருந்தார். ஓடையில் வெள்ளம் ஏறித் திரும்பி வர முடியவில்லை. கம்பளி இல்லாத ஆடுகள் பழகிய வழியிலேயே குகைக்கு வந்திருக்கின்றன. கம்பி தடுத்திருக்கிறது. அவர் வந்து பார்த்தபோது பாதி மந்தை, குகைக்குப் பழகிய பெரிய ஆடுகள் அத்தனையும், வேலியில் மூக்கை வைத்தபடியே செத்து விறைத்திருந்தது.

நாங்கள் பதறி ஓடினோம். வேலியைப் பிரித்துவிடலாம் என்று டீச்சரே சொன்னார். சாமி சத்தியமாகச் சொன்னார், என் காதால் கேட்டேன்.

"வேணாம். செத்தது செத்துப்போச்சு. இப்போ பிரிச்சா அதுங்க செத்ததுக்கே அர்த்தம் இல்லாம போயிடும்" என்றார் டோர்வலினோ. அதற்கப்புறம் கொஞ்ச காலம் எங்களோடு அதிகம் பேசவில்லை.

பூ பேச வைத்தது. மிதிபடாத சுவரடியில் கன்றுகள் மளமளவென்று எழுந்து, குகை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. அவரே குதிரையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து போன் பண்ணுவார். "டாக்டரம்மா, நம்ம பொண்ணுங்க இன்னிக்கு என்னமா சிரிக்கிறாளுங்க!" என்பார். சென்ற வசந்தத்தில் நாங்கள் போயிருந்தபோது வாசலுக்கே ஓடி வந்தார்.

"ஒரு நல்ல சேதி! இப்பல்லாம் பொழுது சாஞ்சா குகைக்குள்ள கமகமன்னு வாசனை வருது. வாசனையே கிடையாதுன்னு சொன்னீங்களே, பாத்தீங்களா, என் கவனிப்பு!"

டீச்சர் சிரிக்க முயன்றார். முகம் ஒத்துழைக்கவில்லை. இலைகளைப் பறித்துக்கொண்டு அன்றே ஊர் திரும்பினோம். அவற்றைத்தான் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.

காரணம் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவைப்படவில்லை. ஆடுகள் குகை வாசலில் படுத்துப் புரண்டபோது அங்கே ஒன்றுமே முளைக்காது. வாசல் மொட்டையாகக் கிடந்தவரை வெளியே சரிவில் இருந்த வெள்ளை கிட்டே வரவில்லை. வேலி போட்டோம், வாசல் பச்சை பிடித்தது. வெள்ளைப் பெட்டூனியா வாசல்வரை இறங்கி வந்து பூத்தது. அதன் வாசனைக்கு வந்த அந்துப்பூச்சி வெள்ளையின் மகரந்தத்தோடு அப்படியே உள்ளேயும் போயிருக்கிறது. அடப் பாவமே, கலப்புக்கு நாங்களே பந்தல் போட்டு வரவேற்றிருக்கிறோம்! ஆடு என்ற ஒரு காவலாளியைத் துரத்திவிட்டுக் கம்பியை நட்டுவைத்த அறிவாளிகள் நாங்கள். இது படித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம்.

இந்தச் செடிக்கு ஆயுள் கம்மி. சுத்தமான பழைய செடிகள் எல்லாம் வேலிக்குள் வயசாகிப் போய்ச் சேர்ந்துவிட்டன. அவற்றின் விதை எங்களிடம் இல்லை. அரிய செடியாயிற்றே, விதை சுவரடியிலேயே விழட்டும் என்று டீச்சர் ஒரு காயைக்கூடத் தொட விட்டதில்லை. இலை மட்டும்தான் எடுத்தோம். இப்போது குளிர்பெட்டியில் சின்னக் குழாய்களில் சொட்டுச் சொட்டாகச் சுத்தச் சிவப்பின் ஜீன் இருக்கிறது. அதை மண்ணில் ஊற்றினால் செடி முளைக்குமா?

"டோர்வலினோகிட்ட நாமதான் போய்ச் சொல்லணும்" என்றார் டீச்சர்.

"எதுக்கு? பூ சிவப்பாத்தான் இருக்கு. அந்த மனுஷன் சந்தோஷமா இருக்கட்டுமே!" என்று கத்தினேன்.

"அவரு ஆட்டைக் கொடுத்திருக்காரு, சுலெய்கா. பதிலுக்கு நாம பொய்யைக் கொடுக்க முடியாது."

டோர்வலினோ தன் வீட்டில் சுரைக்குடுக்கையில் மாத்தே என்கிற கசப்பு இலைத் தேநீரைக் கலந்து டீச்சரிடம் நீட்டினார். உறிஞ்சிவிட்டு நன்றி சொன்னால், இனி ஊற்ற வேண்டாம் என்று அர்த்தம். டீச்சர் சொல்லவில்லை. வெறும் குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தார். டோர்வலினோ மறுபடி வெந்நீர் ஊற்றினார். சுற்று மேல் சுற்றாக, கசப்பெல்லாம் வெளுத்து வெறும் தண்ணீரான பிறகும் டீச்சர் குடித்துக்கொண்டே இருந்தார். நன்றி சொன்னால் அடுத்து பேசியாக வேண்டுமே.

கடைசியில், "நன்றி" என்றார்.

"சரி, சொல்லுங்க. உங்க மூஞ்சியே சரியில்ல" என்றார் டோர்வலினோ.

டீச்சர் சொன்னார். எதையும் மறைக்கவில்லை, வேலியைப் பற்றியும் சொன்னார்.

"சிவப்பாத்தானே இருக்கு?"

"சிவப்புதான். ஆனா அது இல்ல."

"வேற எங்கயாச்சும்..."

"எங்கயும் இல்ல."

டோர்வலினோ குடுக்கையைக் கீழே வைத்தார். "அப்போ என் ஆடுங்க எதுக்குச் செத்துச்சு, டாக்டரம்மா?"

டீச்சர் குனிந்து அந்தக் குடுக்கையை எடுத்து மறுபடி அவரிடம் நீட்டினார்.

டோர்வலினோ எழுந்து கம்பிவெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம். மேகம் கருத்துக்கொண்டு வந்தது. குகை வாசலில் கம்பியை ஒவ்வொன்றாக வெட்டிச் சுருட்டி ஓரமாகப் போட்டார். உள்ளே சுவர் முழுக்க அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தது அந்தக் கலப்புச் சிவப்பு. நாசமாய்ப் போக, அவ்வளவு அழகு!

"ஆடுங்க மிதிக்கட்டும்" என்றார் டீச்சர். "வாசல் பழையபடி ஆகட்டும்."

டோர்வலினோ வாயருகே கையைக் குவித்து மந்தையைக் கூப்பிட்டார். ஆடுகள் சரிவில் தலையைத் தூக்கிப் பார்த்தன. கொஞ்ச தூரம் வந்து நின்றுவிட்டன. மழை தூற ஆரம்பித்தது. ஒரு குட்டியை அவரே தூக்கிவந்து உள்ளே விட்டார். அது இருட்டைப் பார்த்து மிரண்டு வெளியே பாய்ந்தது.

"ஏன் வர மாட்டேங்குது?" என்றேன்.

"இதெல்லாம் வேலி போட்டப்புறம் பொறந்ததுங்க, இந்த எடமே தெரியாது. வழி தெரிஞ்ச கிழவிங்க எல்லாரும் அன்னிக்கே போயிட்டாளுங்க."

மழை வலுத்தது. ஆடுகள் வெளியே ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நனைந்தபடி நின்றன. நனையாத இடத்தில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம்.