பெயிண்ட் அடித்த கதவு

முட்டைப் பெட்டிகளில் ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. பச்சைப் புல்வெளியில் ஒரு கோழி மேய்கிற படம். அடியில், ‘வெளியே உலாவும் கோழிகளின் முட்டை’ என்று இருக்கும். என் அக்கா தன் பிள்ளைக்கு இதைத்தான் தேடித் தேடி வாங்குகிறாள்.

இந்த ஸ்டிக்கர் ஒட்டச் சான்று தருகிற அதிகாரி வருகிறார் என்று, முந்தின நாள் கோழிக் கொட்டகைச் சுவர் முழுக்கப் பெயிண்ட் அடித்தார்கள். கோழிகள் வெளியே போவதற்கென்று சுவரின் அடியில் வைத்த சின்னக் கதவையும் சேர்த்து அடித்துவிட்டார்கள். யாரும் எப்போதும் திறக்காததால், அது கதவு என்றே பெயிண்டருக்குத் தெரியவில்லை.

மறுநாள் அதிகாரிக்குத் திறந்து காட்ட மேனேஜர் அதை இழுத்தார். கதவு அசையவில்லை. அதிகாரி டேப் வைத்து அதன் அகலத்தை அளந்தார்.

“அளவு சரியா இருக்கு,” என்று எழுதிக்கொண்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடப்பாரையால் கதவை நெம்பித் திறந்தேன். வெயில் உள்ளே விழுந்தது. ஒரு கோழிகூட வெளியே போகவில்லை. வெளிச்சத்துக்குப் பயந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பின்வாங்கின.

மேனேஜர் சிரித்தார். “பாத்தியாம்மா? தொறந்து விட்டாலும் அதுங்களுக்குப் போக இஷ்டமில்ல.”

அதிகாரி அதையும் எழுதினார்.

நான் போய் ஸ்டிக்கர் சுருளை எடுத்துவந்து மேனேஜர் கையில் திணித்தேன்.

“இந்தப் படத்துல இருக்கிற கோழியைக் காட்டுங்க சார். அப்புறம் ஒட்டுறேன்.”