மேஸ்திரி பூசிய பாறை

கை கழுவப் போன இடத்தில்தான் மேஸ்திரி அதைப் பார்த்தார். மகள் வீட்டுக் கொல்லைப்புறக் குழாய்க்கு எதிரே செங்குத்தாக நிற்கிறது பாறை. அதன் மீது அவரே பூசிய சிமெண்டுப் பூச்சில் ஒரு விரிசல். தலைமுடி கனம்தான். ஆனால் மேலே அத்தி மரத்தின் அடியில் தொடங்கி ஆள் உயரத்துக்கு இறங்கியிருந்தது.

யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, விரலை மடக்கித் தட்டினார். பொத்தென்று கேட்டது. பூச்சு பாறையை விட்டுப் பிரிந்து நிற்கிறது. அடுத்தவன் வேலையைத் தட்டிப் பார்த்து நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குவதையே பிழைப்பாக வைத்திருந்தவருக்கு அந்தச் சத்தம் புரியாமல் இருக்குமா? காது மடல் சூடேறியது.

"என்னப்பா, எவ்வளவு நேரமா கை கழுவுறீங்க?" உள்ளேயிருந்து மகள் கூப்பிட்டாள்.

"இதோ வந்துட்டேம்மா."

அந்த மரத்தை யாரும் நடவில்லை. பாறை வெடிப்பில் பறவை போட்ட விதை எப்போதோ முளைத்து, இப்போது அடிமரம் ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத அளவுக்குப் பெருத்துவிட்டது. வேர் வெடிப்புக்குள் ஆப்பு இறக்கியது போல இறங்கியிருந்தது. காற்றடித்தால் மரம் ஆடும், பின் அறைக் கூரைத் தகட்டில் பொடிக்கற்கள் விழும். கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடி பொருத்தும் மாப்பிள்ளைக்கு அந்தச் சத்தமே ஆகாது. மரத்தை எடுக்கச் சொல்லி அதிகாரிகளிடம் போவோம், அதுவரை வேறு வீடு பார்ப்போம் என்று நச்சரித்தார். அங்கேதான் மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. இடம் பார்த்தவர் அவர், பாறைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் சுவரை எழுப்பியவரும் அவர். மகளுக்கென்று கட்டிய வீட்டை மருமகன் குறை சொல்வதா?

"கண்ணாடிக் கடையில இருக்கிறவருக்கு எல்லாமே பெரிசாத்தான் தெரியும்" என்று ஒரு நாள் உறவுக்காரர்களை வைத்துக்கொண்டே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். மாப்பிள்ளையும் வேறு வழியில்லாமல் சிரித்து வைத்தார்.

அதோடு விட்டாரா மனுஷன்? ஒரு விடுமுறை நாளில் சிமெண்டு மூட்டையோடு வந்து இறங்கி, வெடிப்பு முழுவதையும் அடைத்து, கம்பி வலை வைத்துப் பூச ஆரம்பித்தார். பாதி வேலையில் மாப்பிள்ளை வந்து நின்றார்.

"மாமா, உள்ள இறங்குற தண்ணி வெளிய வர ஒரு குழாய் வச்சிட்டா நல்லதில்லையா?"

கலவை குழைக்கத் தெரிந்த எவனுக்கும் தெரிந்த சங்கதி அது. மேஸ்திரியும் வைப்பதாகத்தான் இருந்தார், குழாயைக்கூட வெட்டி வைத்திருந்தார். கேட்டது மாப்பிள்ளை என்பதால் வைக்கவில்லை. "எனக்கே பாடம் எடுக்குறீங்களா மாப்ள?" என்று சொல்லிவிட்டுக் கடைசி ஓட்டையையும் அடைத்தார். இதைவிட அற்பமான காரணத்துக்காக யாராவது ஒரு வேலையைக் கெடுத்திருப்பார்களா என்றால், சந்தேகம்தான்.

இன்று இலை முன்னால் உட்கார்ந்ததும் மாப்பிள்ளை தாமாகவே பேச்சை எடுத்தார்.

"நான்தான் மாமா வீணா பயந்துட்டேன். நீங்க பூசினதுக்கு அப்புறம் ஒரு கல்லுகூட விழல. பாப்பா கட்டிலப் பின்னாடி ரூமுக்கே மாத்திட்டோம். மத்தியானம்கூட நல்லா தூங்குறா."

இப்போதே சொல்லிவிட வேண்டியதுதானே? மேஸ்திரி சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"பயப்பட ஒண்ணுமில்ல மாப்ள" என்றது வாய்.

கிளம்பும் முன், பூச்சு ஓரிடத்தில் சொரசொரப்பாக இருக்கிறது என்று சாக்குச் சொல்லி, மிச்சமிருந்த சிமெண்டைக் குழைத்து விரிசல் மேல் இழுத்துவிட்டார். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று பயபக்தியோடு தண்ணீர் ஊற்றினார். மேஸ்திரி அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது, அதற்கு அடுத்த நாளும் விடவில்லை. தண்ணீர் அந்த வெடிப்புக்குள் போகும், வெளியே வர வழியில்லை, வழியை அடைத்தவர் தாம்தான் என்று அவருக்குத் தெரியும். தட்டில் கை வைத்தவர் சாப்பிடாமலே எழுந்தார்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றாள் மனைவி.

"வயிறு சரியில்ல."

மாடிக்கட்டடம் ஒன்றின் உள்பூச்சு வேலையில்தான் அவர் வீம்பு உடைந்தது. ஒரு பூச்சுக்காரர் பொத்தலை மறைத்து மேலாக மெல்லிசாக ஒரு கை இழுத்திருந்தார். மேஸ்திரி வழக்கம் போலத் தட்டினார், வழக்கம் போலச் சீறினார்.

"யாரை ஏமாத்தப் பார்க்குற? நாளைக்கு இது யார் தலையில விழும்?"

"தப்புதான் மேஸ்திரி. உடைச்சிட்டுப் புதுசாப் பூசிடுறேன்" என்றார் அவர். அவ்வளவுதான். உடனே உளியை எடுத்துவிட்டார். ஒரு வாக்கியம், அதில் அவருக்கு எதுவும் குறைந்துபோகவில்லை. மேஸ்திரிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. கரண்டியை அப்படியே போட்டுவிட்டு, மழைக்கோட்டுகூட இல்லாமல் வண்டியைக் கிளப்பினார்.

மகள் முன் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் நேரே பின் அறைக்குப் போய், தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வந்து அவள் மடியில் போட்டார்.

"மாப்பிள்ளைய உடனே வரச் சொல்லு. வெளிய போய் நில்லு. வீட்டுக்குள்ள வராத."

கொல்லையில் பக்கவாட்டாக ஒதுங்கி நின்று, கடப்பாறையால் பூச்சின் ஓரத்தை நெம்பினார். ஒரே நெம்பில் பெரிய பாளமாக உரிந்து விழுந்தது. பின்னாலேயே சேற்றுத் தண்ணீர் குபுகுபுவென்று அவர் காலை நனைத்துக்கொண்டு ஓடியது. முன்பு விரல் நுழையாத வெடிப்பில் இப்போது கை முழுதும் நுழையும். உள்ளே வெள்ளை வேர் தொடைக் கனத்துக்கு உப்பியிருந்தது. மேலே மரம் முனகியது. கடப்பாறையை விட்டுவிட்டு ஓடினார்.

தீயணைப்புக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, அந்த வரிசை முழுவதையும் காலி செய்யச் சொன்னார்கள். மரத்தை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்து இறக்கி, பாறையைக் கட்டிய பிறகுதான் யாரும் திரும்பலாம் என்றார்கள். எதிர்வீட்டு வாசலில் எல்லோரும் கூடி நின்றார்கள். குழந்தை மறுபடியும் மேஸ்திரி தோளில் சாய்ந்து தூங்கிவிட்டது.

"மேஸ்திரி கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"ஆமா" என்றார் மாப்பிள்ளை. குழந்தையின் முதுகைத் தடவிக்கொடுத்தார். "நல்லவேளை மாமா, இன்னைக்கு உங்களுக்குப் பார்க்கத் தோணுச்சு. இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்?"

இப்படியே விட்டுவிடலாம். சும்மா இருந்தால் போதும், பேரும் புகழும் தானாக வந்து சேரும். மேஸ்திரிக்கு அந்த நினைப்பு வந்ததுதான் எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது.

"இன்னைக்குப் பார்க்கல மாப்ள" என்றார். "சாப்பிட வந்தேனே, அன்னைக்கே பார்த்துட்டேன். அதை மறைக்கத்தான் பூசினேன். நீங்கதான் தண்ணி ஊத்துனீங்க. குழாயும் நீங்க சொன்னீங்கன்னுதான் வைக்கல."

மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் மேஸ்திரி தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருப்பார்.

"நேத்து பாப்பாவுக்குக் காய்ச்சல்பா" என்றாள் மகள் மெதுவாக. "நானும் அந்த ரூம்லதான் அவளக் கட்டிப்பிடிச்சுப் படுத்திருந்தேன்."

மகள் கிட்டே வந்து குழந்தைக்குக் கை நீட்டினாள். குழந்தை தூக்கத்தில் அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. மகள் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் புருஷன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.