மூன்றாவது இழுப்பு

ஃபவ்வாஸ் கெட்டவன் இல்லை. ஆனால் யாருக்கும் ‘முடியாது’ என்று சொல்லத் தெரியாதவன். அம்மான் நகரத்தில் அவன் வீட்டுக் கூடத்தில்தான் பெரியப்பா அபூ காலிப் தினமும் மாலையில் வந்து உட்காருவார். சீட்டாட்டம், டீ, ஒரு பாக்கெட் சிகரெட். கார் வேண்டுமென்றாலும் ஃபவ்வாஸின் கார்தான். ஐந்து வருஷத்தில் கூடத்துச் சுவரெல்லாம் பழுப்பேறிப்போனது.

நாலு வயது மகள் ஜூடு மூச்சிளைப்பு வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அன்றைக்கே ஃபவ்வாஸ் சிகரெட்டை விட்டான், அதுவரை சரி. பிள்ளை வீடு திரும்பிய மாலை, நலம் விசாரிக்க வந்த பெரியப்பா அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டே ஒன்றைப் பற்ற வைத்தார். ஃபவ்வாஸ் என்ன செய்தான்? அடுப்படிக்குப் போய்ச் சாம்பல் தட்டைக் கழுவி எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தான்!

மனைவி ரிஹாப் கத்தவில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள், பையைக் கட்டினாள். “வீட்லயும் கார்லயும் வாடை போகட்டும், அப்புறம் வர்றேன். போச்சா இல்லையான்னு என் மூக்குதான் சொல்லும்” என்று சொல்லிவிட்டு ஸல்த்தில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

முதல் நாள் அவன் செய்தது நம்மூர் ஆண்களெல்லாம் செய்கிற கூத்து. கங்கில் சாம்பிராணியை அள்ளிப் போட்டு வீடு முழுக்கக் காட்டினான். தேவலோகம் மாதிரி மணந்தது. காலையில் பார்த்தால் புகைமேல் புகை ஏறி, இரட்டை நாற்றம். நல்ல வேளை, தெரு முனையில் கார் கழுவும் எகிப்துக்காரர் ரமளான் அவன் மூஞ்சியைப் பார்த்துவிட்டு வழி சொன்னார். அவருக்கு எல்லோருமே ‘பாஷா’தான்.

“வாசனை போட்டு மறைக்காதீங்க பாஷா. புகைங்கறது பிசின். ஒட்டிக்கிட்டிருக்கு. தொடைச்சுத்தான் எடுக்கணும்.”

துடைத்தான். வெந்நீரில் வினிகரும் சோப்பும் கலந்து கூரை முதல் தரை வரை துடைத்தான். சுவரில் மஞ்சள் நீர் கோடு கோடாக இறங்கியது. அவனுக்கே குமட்டியது. இதையா என் பிள்ளை மூச்சாக இழுத்தது என்று ஏணிமேல் நின்றபடியே அழுதான். திரைச்சீலையை மூன்று தடவை அலசியும் டீ நிறத்தில்தான் தண்ணீர் வந்தது. அப்புறம் கறை மேலெழாத பூச்சு ஒன்றை அடித்து, அதற்கு மேலே வெள்ளை அடித்தான்.

கார் இன்னும் படுத்தியது. இருக்கைகளில் சோடா உப்பைத் தூவி மறுநாள் உறிஞ்சி எடுத்தான், கூரைத் துணியை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தான். நாற்றம் போய்விட்டது என்று நிம்மதியாக ஏசியைப் போட்டால், சனியன், திரும்பவும் வந்தது! ரமளான் சிரித்துக்கொண்டே டேஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, காற்றை வடிகட்டும் அட்டையை உருவிக் காட்டினார். அட்டை கன்னங்கரேலென்று இருந்தது. புதிது மாட்டினார்கள். கடைசியாகக் காரின் சாம்பல் பெட்டியைத் தேய்த்துக் கழுவி, அதற்குள் ஜூடின் பட்டாம்பூச்சி கிளிப் இரண்டை வைத்தான் ஃபவ்வாஸ். ரிஹாப் போய்ப் பதினாறு நாள் ஆகியிருந்தது.

மாமனார் அபூ ஹைதமுக்குப் போன் போட்டான். அவர் முறை தவறாதவர். “என் பொண்ணு நாலு பேர் பார்க்க வந்தா. நாலு பேர் பார்க்கத்தான் போவா. உங்க வீட்டுப் பெரியவரைக் கூட்டிட்டு வந்து முறையாக் கேளுப்பா.”

பெரியவர் என்றால் வேறு யார், அபூ காலிப்தான்! அவரும் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து கிளம்பினார்கள். ஸுவைலிஹ் என்ற ஊரைத் தாண்டியதும் பெரியப்பா கண்ணாடியை இறக்கினார், பாக்கெட்டை எடுத்தார்.

“பெரியப்பா... இப்பத்தான் வண்டியைக் கழுவினேன்...”

“அதான் கண்ணாடியை எறக்கிட்டேன்ல? காத்துல போயிடும்டா. பொண்டாட்டிக்கு இப்படிப் பயப்படுறவனை இப்பத்தான்டா பார்க்கிறேன்!”

ஒரு இழுப்பு. ஃபவ்வாஸ் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது இழுப்பு. அப்போதும் திறக்கவில்லை. பெரியப்பா கை நீட்டிச் சாம்பல் பெட்டியைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல், பட்டாம்பூச்சியின் மேலேயே தட்டினார்.

வண்டி ஓரங்கட்டி நின்றது. ஃபவ்வாஸ் இறங்கிப் போய் அவர் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

“வெளிய நின்னு குடிச்சு முடிங்க பெரியப்பா. எவ்வளவு நேரமானாலும் நிக்கிறேன். வண்டிக்குள்ள வேண்டாம்.”

“என்னையவா எறங்கச் சொல்றே? உங்கப்பனை வளர்த்தவன்டா நான்! நான் இல்லாம அவ வந்துருவாளா?”

“தெரியல பெரியப்பா. எறங்குங்க.”

அவர் இறங்கினார், காறித் துப்பினார். எதிர்ப்பக்கம் வந்த டாக்சியைக் கைதட்டி நிறுத்தி அம்மானுக்கே திரும்பிப் போய்விட்டார். ஃபவ்வாஸ் கிளிப்புகளைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தனியாக ஸல்த்துக்கு ஓட்டினான்.

மாமனார் வீட்டில் அவன் முன்னால் காப்பியை ஊற்றி வைத்தார்கள். கேட்டது கிடைக்கும்வரை தொடக்கூடாது, அதுதான் முறை. அவன் தொடவில்லை.

“பெரியவர் எங்கே?” என்றார் அபூ ஹைதம்.

“வழியில எறக்கி விட்டுட்டேன் மாமா. வண்டிக்குள்ள சிகரெட் பிடிச்சாரு.”

அவர் முகம் சுண்டிப்போனது. “நல்லா இருக்குப்பா. பெரிய மனுஷனை நடுரோட்டுல விட்டுட்டு எம்பொண்ணைக் கேட்டு வந்திருக்கே.”

உள்ளே கேட்டுக்கொண்டிருந்த ரிஹாப் வந்தாள், கையை நீட்டிச் சாவியை வாங்கினாள். காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“வாடை அடிக்குது.”

ஃபவ்வாஸ் தலை குனிந்தான். “ரெண்டு இழுப்பு வரைக்கும் எனக்கு வாய் வரல. அப்புறம்தான் வந்துச்சு.”

“சும்மா சொல்லாதீங்க. அவரையாவது, நீங்க எறக்கி விடுறதாவது!”

அப்போது மாமனாரின் போன் அடித்தது. அதைக் காதில் வைக்கவே தேவையிருக்கவில்லை. அபூ காலிப்பின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

“உங்க மாப்பிள்ளைக்குக் கொழுப்பைப் பார்த்தீங்களா? ரெண்டு இழுப்புதான் இழுத்தேன்! கதவைத் திறந்து எறங்குன்னுட்டான்! இனி அவன் வீட்டு வாசப்படி மிதிச்சா நான் அபூ காலிப் இல்லை, அல்லா மேல சத்தியம், வல்லாஹி!”

அபூ ஹைதம் போனைக் கையில் பிடித்தபடி மகளைப் பார்த்தார். ரிஹாப் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிக்கும்போதே கண் கலங்கியது.

“அப்பா, பெரியவர் பேசிட்டாருல்ல, அது போதும். ஜூடு, செருப்பைப் போடும்மா” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள்.

“காப்பி ஆறுது. குடிங்க.”