பேசிகினே இரு சார்

சிறுசேரி மென்பொருள் அலுவலக வாசலில் டிரான்ஸ்பார்மர் வெடித்தபோது, காவலாளி செங்கல்வராயன் பக்கத்தில் நின்ற மேலாளரைக் கீழே தள்ளி அவர்மேல் படுத்துக்கொண்டார். ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகும் அவர் கையை விடவில்லை.

"பேசிகினே இரு சார். நிறுத்தாத."

எல்லோரும் கைதட்டினார்கள். மேலாளருக்கு மட்டும் ரம் வாடை அடித்தது. காலையில் பாராட்டியவர்கள் மாலையில் வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

படாளத்தில் மனைவி ஜோதிலட்சுமி ஆச்சரியப்படவில்லை. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்று வந்ததிலிருந்து அவர் குடிக்காமல் தூங்கியதில்லை. முன்னாள் படைவீரர்களுக்கு மலிவாக ரம் வாங்க ஓர் அட்டை, இலவச சிகிச்சைக்கு ஓர் அட்டை. இரண்டும் அவரிடம் இருந்தன. முதல் அட்டைதான் தேய்ந்திருந்தது.

"இன்னாயா, ஆஸ்பத்திரிக்கு நீ வர்ரியா, இல்ல நானே போயி படுத்துக்கட்டுமா?" என்றாள் ஜோதிலட்சுமி.

வந்தார். மாமல்லபுரம் தாண்டி, கடலோரத்தில் இருந்த மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார்கள். கை நடுக்கம் மருந்தில் அடங்கியது. பிறகு குழுவாக உட்கார்ந்து பேச வேண்டும்.

"தூக்கம் வருதா?" என்று கேட்டார் ஆலோசகர் பிரபாவதி.

"யெஸ் மேடம்."

"வரலையா?"

"யெஸ் மேடம்."

பக்கத்து நாற்காலியில் மோசஸ். கப்பற்படையில் சமையல்காரராக இருந்தவர், அவரும் குடியால் வந்தவர்தான். "அண்ணாத்த, அவங்க ஆபீசர் இல்ல. யெஸ் சொன்னா சீக்கிரம் வூட்டுக்கு அனுப்ப மாட்டாங்க" என்றார்.

செங்கல்வராயன் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"மலை மேல டூட்டில பனி சரிஞ்சு, கூட இருந்த ராமானுஜம் உள்ள மாட்டிகினான். கொரலு வந்த பக்கமா தோண்டுனோம். பேசிகினே இருந்தான். அப்பால நின்னுட்ச்சு. கை கெட்ச்சப்போ சூடாத்தான் இருந்துச்சு, உசுருதான் இல்ல. வெடி சத்தம்லாம் ஒண்ணும் இல்ல மேடம். அதுக்கு அப்பால வருதே, அமைதி. அதான் தாங்கல."

அறை அமைதியாகிவிட இருந்தது. மோசஸ் சட்டென்று, கப்பலில் ஐந்நூறு பேருக்கு மீன் குழம்பு வைப்பது எப்படி என்று ஆரம்பித்தார். புளி, உப்பு, ஆட்டத்தில் கவிழாத அண்டா. சாப்பாட்டு மணி அடிக்கும்வரை நிறுத்தவில்லை. பிரபாவதி தடுக்கவும் இல்லை. செங்கல்வராயன் அழுதுகொண்டே கேட்டார்.

வீடு திரும்பிய பின் ஒரு கல்யாணத்தில் குடித்தார். மறுநாள் தானே பையை எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போனார். அதன்பிறகு குடிக்கவில்லை. தூக்கம்தான் வரவில்லை.

மார்கழியில் வேடந்தாங்கலில் இருக்கும் ஜோதிலட்சுமியின் தங்கை எல்லம்மாள் வீட்டுக்குப் போனார்கள். ஏரி முழுக்கப் பறவைகள்.

"இதுங்க கத்துற கத்துல படுக்கவே முடியாது மாமா" என்று எல்லம்மாள் வருத்தப்பட்டாள்.

மதியம் சாப்பிட்டுச் சாய்ந்தவர் பொழுது சாயும்வரை எழவில்லை. ஜோதிலட்சுமி இரண்டு முறை மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். மூச்சு சீராக இருந்தது.

"பக்கத்துல வூடு எதுனா வாடகைக்கு கீதா?" என்று தங்கையிடம் கேட்டாள்.

"சீசன் முட்ஞ்சா பறவைங்க பூடும்க்கா."

"போவட்டும். அப்போ பாத்துக்கலாம்."