துப்பாக்கி மரியாதைக்குப் பிறகு

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஆர்டிஸ் டெஸ்டால் ரொட்டிகளுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கணவர் ஆர்வில் மேலே, மூடிய சவப்பெட்டிக்குள் இருந்தார்.

"இவ்வளவு யாருக்கும்மா?" என்றாள் டென்வரிலிருந்து வந்திருந்த மகள் கார்லா.

"படைவீரர் மன்றத்துக்காரங்க வராங்கல்ல. குளிர்ல நின்னு சுட்டுட்டு பசியோட இறங்கி வருவாங்க."

அயோவாவின் அந்தச் சிற்றூரில் அடக்கம் முடிந்தால் எல்லோரும் கீழே வந்து பன்றித் தொடை வைத்த ரொட்டியும் காப்பியும் சாப்பிட்டுத்தான் போவார்கள். சாப்பிட்டால் பழைய பகையெல்லாம் முடிந்தது என்று பொருள். அந்த ஒரு வேளைக்காகத்தான் ஆர்டிஸ் விடியும் முன்பே எழுந்திருந்தாள். பதினெட்டு வருடமாக அவள் வீட்டு மேசையில் வெளியாள் எவரும் உட்கார்ந்ததில்லை.

ஆர்வில் கொரியப் போரின் பனியில் கால்விரல்களை இழந்து திரும்பியவர். பிறகு ஊரின் இறைச்சி ஆலையில் பன்றித் தொடை அறுக்கும் வேலை. பக்கத்து மேசையில் மெர்லின் க்ரூக். வியட்நாம் போய் வந்தவர், வயதில் இளையவர். மதிய உணவை இருவரும் பங்கிட்டுத் தின்பார்கள். பதினெட்டு வருடத்துக்கு முன் தொழிற்சங்கம் நடத்திய பெரிய வேலைநிறுத்தம் ஐந்தாம் மாதத்தை எட்டியபோது ஆறு வயது கார்லாவின் சிறுநீரகம் பழுதானது. வேலைக்குத் திரும்பினால்தான் மருத்துவக் காப்பீடு கிடைக்கும். ஒரு ஜனவரிக் காலையில் ஆர்வில், வாசலை மறித்து நின்ற தோழர்களுக்கு நடுவே காரை ஓட்டிக்கொண்டு உள்ளே போனார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் போனார்கள். போராட்டம் உடைந்தது. கடைசிவரை வெளியே நின்ற மெர்லினுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. வீடு ஏலத்துக்குப் போயிற்று. அப்பா உள்ளே போனதையோ, அது தனக்காகத்தான் என்பதையோ கார்லாவிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்பது ஆர்வில் போட்ட கட்டளை.

தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் மரியாதை குறையில்லாமல் நடந்தது. மன்றத்துக் கிழவர்களின் துப்பாக்கிகள் மூன்று முறை ஒரே சத்தமாக வெடித்தன. பெட்டிமேல் போர்த்தியிருந்த தேசியக் கொடியை முக்கோணமாக மடித்து, சுட்ட தோட்டாக் கூடுகளை உள்ளே செருகி, மெர்லின் ஆர்டிஸின் முன் மண்டியிட்டார். சொல்ல வேண்டிய வாசகத்தைப் பிசகாமல் சொன்னார்.

ஆர்டிஸ் அவர் கையை விடவில்லை. "கீழ வா மெர்லின். உனக்குக் கடுகு விழுது தடவின ரொட்டி தனியா வச்சிருக்கேன்."

"சிப்பாய்க்குச் செய்ய வேண்டியத செஞ்சாச்சு, மிஸஸ் டெஸ்டால்." முன்பெல்லாம் ஆர்டிஸ் என்றுதான் கூப்பிடுவார். குரலைத் தாழ்த்தினார். "சாப்பிட்டுப் போகலாம்னுதான் இவங்களையெல்லாம் பேசிச் சம்மதிக்க வச்சிருந்தேன். நேத்து பேப்பர் வந்துச்சு. 'கடைசிவரை தொழிற்சங்கக்காரர்.' அத யார் எழுதினது?"

கார்லாதான் எழுதியிருந்தாள். ஊர்ப் பத்திரிகையில் ஆலைக்காரர்கள் எல்லோருடைய இரங்கல் குறிப்பிலும் அந்த வரி இருக்கும். அப்பாவுக்கு மட்டும் ஏன் விட வேண்டும் என்று சேர்த்திருந்தாள். அச்சில் வந்த பிறகும் ஆர்டிஸ் அதைப் படிக்கவில்லை. இப்போது மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"நான்தான்," என்றாள் ஆர்டிஸ், மெர்லினிடம் திரும்பி.

மெர்லின் எழுந்து முழங்காலில் ஒட்டிய பனியைத் தட்டினார். "உங்களுக்காவது வெக்கம் இருக்கும்னு நெனச்சேன்."

கீழ்த்தளத்தில் பாதிரியாரும் அவர் மனைவியும் ஆளுக்கொரு ரொட்டியை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார்கள். மற்ற நாற்காலிகள் வரிசை கலையாமல் இருந்தன.

"அந்த வரியில என்னம்மா தப்பு?" என்றாள் கார்லா. "அப்பா அப்படி என்ன பண்ணிட்டாரு?"

ஆர்டிஸ் கடுகு விழுது தடவிய ரொட்டியை எடுத்து மகளின் தட்டில் வைத்தாள். "சாப்பிடு. மாத்திரை போடணும்ல."

சுவரின் உச்சியில், தரைமட்டத்தில் இருந்த நீளச் சன்னலில் ஆட்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. பளபளப்பாகத் துடைத்த கறுப்புச் சப்பாத்துகள் ஒவ்வொன்றாகக் கார்களை நோக்கிப் போயின. ஒரு ஜோடி மட்டும் சன்னலைப் பார்த்தபடி நின்றது; அதற்கு மேலே, முழங்காலில் பனியின் ஈரம் படிந்திருந்தது. ஆர்டிஸ் ஒரு கோப்பையில் காப்பி ஊற்றி, எதிரே இருந்த காலி நாற்காலிக்கு முன் வைத்தாள். மேலே ஒரு சிகரெட் துண்டு பனியில் விழுந்தது. சப்பாத்து அதை மெதுவாக, முழுவதும் அணையும்வரை நசுக்கியது. பிறகு கார்களை நோக்கித் திரும்பியது.