நிறுத்தும்போது மட்டும்

1

கொல்ஹாப்பூர்ப் பக்கத்துச் சர்க்கரை ஆலையில் கடிதப் பிரிவில் இருந்தபோது கோப்பில் கண்ட ஒரு வரிதான் இந்தக் கதை: ‘ஆறு முறையும் இயந்திரம் நிற்கும்போது.’ மற்றதெல்லாம் நான் சேர்த்தது.

மேலாளர் அறையில் இருந்தவர்கள்: மேலாளர் கோர்படே, மேசைக்குப் பின்னால். எலெக்ட்ரீஷியன் சர்ஜேராவ், எதிரே. பாகைச் சுழற்றிச் சர்க்கரையைப் பிரிக்கும் கூடை இயந்திரத்தை ஓட்டும் ஞானதேவ், கதவோரம். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

(‘வெளியே கரும்பு வண்டிகள் வரிசையாக’ என்று தொடங்கி அடித்துவிட்டேன். வண்டிகளுக்கு இதில் வேலை இல்லை.)

2

அந்தக் கூடையைச் சுழற்றும் மோட்டாரின் வேகத்தை ஆளும் டிரைவ், நான்கு நாளாக ‘ஓவர் வோல்டேஜ்’ காட்டி அணைந்துகொண்டிருந்தது. ஞானதேவ் கூடையை அளவுக்கு மேல் நிரப்புவதே காரணம் என்றார் கோர்படே. சீசன் ஆளான அவன் பெயர் நிரந்தரப் பட்டியலில் ஏறுமா என்பது சர்ஜேராவ் இன்று எழுதித் தரும் அறிக்கையில் இருந்தது.

சர்ஜேராவ் மீட்டர் வைத்துப் பார்த்திருந்தான். வரும் மின்சாரம் சரி. டிரைவில் பதிவான பழைய கோளாறுகளையும் புரட்டியிருந்தான். ஓடும்போது ஒன்றுகூட இல்லை; ஆறும் நிறுத்தும்போது.

“வோல்டேஜ் வெளியேருந்து வரல சாகேப். கூடையை அவசரமா நிறுத்தினா மோட்டாரே ஜெனரேட்டராயிடும். அந்தக் கரண்டு திரும்பி டிரைவுக்குள்ளதான் ஏறும். நாப்பது செகண்டுல நிக்கணும். இருபத்தஞ்சுன்னு வச்சிருக்கு.”

“வச்சது யாரு?”

டிரைவின் கடவுச்சொல் பெட்டிக் கதவிலேயே சாக்பீஸால் எழுதியிருக்கும். யாரும் வைத்திருக்கலாம்.

“பாத்துச் சொல்றேன் சாகேப்.”

(பார்க்க எதுவுமில்லை. வைத்தவன் அவன்தான். ஷிஃப்டுகளுக்குள் பந்தயம்: எதில் சர்க்கரை மூட்டை குறைகிறதோ அது மற்றதற்கு மிசல் பலகாரம் வாங்கித் தர வேண்டும். தன் ஷிஃப்ட் முந்துவதற்காகச் செய்தான். எழுதிவிட்டோம், இனி இவனை எனக்குப் பிடிக்க வேண்டுமே என்று யோசித்தேன்.)

3

சர்ஜேராவ் நேரத்தை நாற்பதாக்கி, கூடையை நிறைத்து, மூன்று முறை ஓட்டி நிறுத்தினான். டிரைவ் அணையவில்லை. பிறகு அறிக்கை எழுதக் காகிதத்தை எடுத்தான்.

‘நேரத்தை மாற்றியது யாரெனத் தெரிய’

அடித்தான்.

ஞானதேவ் சாயாவோடு வந்து, தன் பெயர் எங்காவது வருகிறதா என்று கேட்டான்.

“வருது. கூடையை அளவாத்தான் நிரப்பினான்னு வருது.”

“அப்ப நேரத்தை மாத்தினது நான்தான்னு சாகேப் சொல்லுவாரே அண்ணா.”

சர்ஜேராவ் சாயாவைத் தொடவில்லை.

4

ஒரு பிரதியில் சர்ஜேராவைத் தன் பெயரையே எழுதவைத்தேன், மிகவும் நல்லவனாகிவிட்டான். இன்னொன்றில் யாரென்று எழுதாமல் விட்டேன். அதையும் கிழித்துப் போட்டேன். ஆகவே அந்த வரியை உங்களுக்கு விடுகிறேன்:

‘நேரத்தை மாற்றியது ______’

இடம் ஒரு பெயருக்குப் போதும். நீங்கள் எழுதும்வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறேன்.

எழுதியாயிற்றா? சர்ஜேராவ் காகிதத்தை மடித்து உறையிலிட்டு, பசை தடவி, விரலால் இருமுறை அழுத்தினான். கோர்படேயிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேறு ஆள் இல்லை. ஞானதேவிடமே நீட்டினான்.