அண்ணி பதில் போடாத சுவர்

1.
இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. மூக்குக்கண்ணாடிக் கடையில் கிடைத்தது. அங்கே வேலை பார்க்கும் பெண் என் வலது வில்லையை இடப்பக்கம் பொருத்திவிட்டாள். போட்டுப் பார்த்தேன், கடையே சாய்ந்தது.

"மன்னிச்சிடுங்க சார், மனசு இங்க இல்ல."

எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பாதியை அன்றும், மீதியைச் சரிசெய்த கண்ணாடியை வாங்கப் போன அன்றும் சொன்னாள்.

2.
முதல் தொடக்கம்: 'கைப்பேசி இன்று மனித உறவுகளை மெல்ல மெல்ல...'

(நிறுத்திவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

இரண்டாவது தொடக்கம்: அவள் தன் வீட்டுக் கூடத்தின் ஒரு சுவருக்குத் தானே மஞ்சள் பெயின்ட் அடித்தாள். அதன் முன் நின்று சிரித்துப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். பெரியம்மா இதயம் அனுப்பினார். சித்தப்பா கைதட்டினார். அண்ணி பார்த்தார், நீலக் குறி விழுந்தது. பதில் மட்டும் இல்லை.

இந்த அண்ணி சும்மா அண்ணன் மனைவி இல்லை. அவள் முதல் நேர்காணலுக்குக் கிளம்பியபோது துணைக்குப் போய், வழியில் அவள் செருப்பு அறுந்துபோக, தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு வீடு திரும்பியவர்.

3.
அதற்குப் பிறகு சாப்பிடும்போதும் போன், வேலையிலும் போன். அண்ணி ஆன்லைனில் இருப்பதாகக் காட்டும்போதெல்லாம் குழுவைத் திறந்து பார்த்தாள். வந்த இதயங்கள் எதுவும் மனதில் நிற்கவில்லை. வராத ஒன்று மட்டும் உறுத்தியது.

[இங்கே அவள்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு சுவருக்கா இவ்வளவு? பிறகு, நான் போட்ட படத்தை யார் யார் பார்த்தார்கள் என்று என் போனில் பார்த்தேன். சந்தேகம் தீர்ந்தது.]

4.
விடுமுறை நாளில் நறுக்கென்று நாலு கேள்வி கேட்க அண்ணி வீட்டுக்குக் கிளம்பினாள். பாதித் தலைக்குச் சாயம் பூசியபடி அண்ணி கதவைத் திறந்தார். தயார்செய்த நாலில் ஒன்றுதான் வெளியே வந்தது.

"என் சுவர் பிடிக்கலையா அண்ணி?"

"பிடிச்சுதுடி, அதான் வினை. அதப் பாத்துட்டு நிமிந்தா என் வீடு எனக்கே பிடிக்கல. நீ சிரிச்சுக்கிட்டு நிக்கிற, நான் இங்க பேச்சுத் துணையில்லாம உக்காந்திருக்கேன். 'நல்லா இருக்கு'ன்னு அடிக்கிறதும் அழிக்கிறதுமா இருந்தேன்."

"நேர்ல காட்ட ஆளில்லாமத்தானே குழுவுல போட்டேன். அந்தச் சிரிப்பு வர்றதுக்குள்ள நான் பட்ட பாடு... சாமானையெல்லாம் காலால ஓரந்தள்ளிட்டு, பெயின்ட் டப்பால இடறி விழுந்து எழுந்து எடுத்த படம் அது."

அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சாயம் காதோரம் வழிந்தது. இவளும் சிரித்தாள், கொஞ்சம் அழுதாள்.

5.
முடிவு அ: இருவரும் குழுவிலிருந்து விலகினார்கள். (நடக்காது. பெரியம்மா விடமாட்டார்.)

முடிவு ஆ: போனைப் பீரோவில் பூட்டிவிட்டு இன்பமாக... (பொய்.)

நடந்தது இதுதான். அண்ணி தலையை அலசிக்கொண்டு சுவரைப் பார்க்கக் கூடவே வந்தார். "மூலையெல்லாம் திட்டுத்திட்டா இருக்கே, படத்துல தெரியல" என்றார். புடவையைச் செருகிக்கொண்டு பிரஷ்ஷை வாங்கினார். மூலை முடிந்ததும் எதிர்ச்சுவர் கண்ணில் பட்டது. அண்ணி பச்சை என்கிறார், இவள் நீலம் என்கிறாள். சண்டை நேருக்கு நேராக, இன்றுவரை ஓயவில்லையாம்.

எனக்கு இரண்டு பேரும் வேண்டும். நான் தலையிட மாட்டேன். நீங்களே ஒரு நிறம் சொல்லுங்கள்.